குடும்பத்தில் யாருக்கும் இல்லையே!

குழந்தையின் கண்ணில் கோளாறு என்று டாக்டர் சொன்னதும், "எங்கள் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் இப்படி இல்லையே" என்பதுதான் பல பெற்றோரின் முதல் பதில். பரம்பரை நோய் இல்லை என்பதற்கு அதையே சான்றாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். அது சான்றாகாது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்திருப்பதைப் பார்த்துப் பிடிபடுகிற நோய் இது.

செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் ஆர்பி1 மரபணு, 13-வது குரோமோசோமில் இருக்கிறது. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள். இரண்டும் பழுதானால்தான் கட்டி தொடங்கும் என்று 1971-ல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன் கணித்துச் சொன்னார். ஒன்று பிறவியிலேயே பழுதாகியிருந்தால் மற்றது கெட்டாலே போதும். இத்தகைய குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும், சீக்கிரமே வருகிறது. நோயாளிகளில் சுமார் 40 சதவீதம் பேர் இந்த வகை. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே நோய் இருந்தது மொத்த நோயாளிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்குத்தான். இந்த வகையைச் சேர்ந்த மற்றவர்களிடம் பழுது புதிதாக, பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில் உண்டாகிறது. மருமகளின் பிறந்த வீட்டைக் குறை சொல்லும் மாமியார்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தந்தையின் மீதும் இதில் குற்றம் இல்லை. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பதும் இங்கே பொருந்தாது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வந்தால் மட்டுமே உண்டாகும் நோய்களுக்கான கணக்கு அது. இதற்கு ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். குடும்பத்தின் முதல் நோயாளியான அந்தக் குழந்தை நாளை பெற்றோராகும்போது, ஒவ்வொரு பிள்ளைக்கும் பழுது போய்ச்சேர 50 சதவீத வாய்ப்பு உண்டு.

பரம்பரை என்று தெரிந்து என்ன பயன், நாளை பெண்ணுக்கு வரன் அமையுமா என்று கேட்பவர்களின் பயம் நிஜமானது. ஆனால் மறைப்பதற்குக் கொடுக்கும் விலை மிகப் பெரிது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தால் சிறு கட்டியும் தெரியும். அந்த நிலையில் லேசரிலோ உறையவைக்கும் சிகிச்சையிலோ பார்வையைக் காக்க வழியிருக்கிறது. முற்றினால் கண்ணையே எடுக்க வேண்டிவரும், உயிரும் போகலாம். மரபணுப் பரிசோதனையில் குடும்பத்தின் பழுது எது என்று தெரிந்துவிட்டால், அது இல்லாத தம்பி தங்கைகளுக்கு அடிக்கடி மயக்கம் கொடுத்துச் சோதிக்கும் அவசியமே இருக்காது. ஒரு குழந்தைக்கு இந்த நோய் என்று தெரிந்தால், உடன்பிறந்த குழந்தைகளையும் உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுவயதில் இதிலிருந்து மீண்டவர்கள், தங்களுக்குக் குழந்தை பிறந்த முதல் வாரங்களிலேயே காட்டுங்கள்.