நிருபரின் தொலைபேசியும் ஆஸ்திரேலியாவின் சட்டமும்

சர்க்கார் ஊழியர் ஒருவர், தம் இலாகாவில் நடக்கும் முறைகேட்டைக் கண்டு மனம் பொறாமல், ஓர் இரவு பத்திரிகை நிருபரைத் தொலைபேசியில் அழைத்து நாற்பது நிமிஷம் பேசுகிறார், மறுவாரம் அச்செய்தி பிரசுரமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் பேசியதை எவரும் ஒட்டுக்கேட்டிராவிட்டாலும், எந்த எண் எந்த எண்ணை எப்போது, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்தின் எல்லையிலிருந்து அழைத்தது என்ற குறிப்பு அதிகாரிகளின் கைக்கு எட்டிவிடுமானால், தகவல் தந்தவர் இன்னார் என்று ஊகிக்க வேறு சாட்சியம் அநேகமாக வேண்டியதில்லை.

இக்குறிப்புகளைக் குற்றவாளி, நிரபராதி என்ற பேதமின்றி மக்கள் அனைவர் விஷயத்திலும் 2 ஆண்டுகள் சேமித்துவைக்கும்படி, 2015-ல் ஆஸ்திரேலியப் பாராளுமன்றம் தொலைபேசி, இணைய நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. போலீஸார் அவற்றைப் பெறப் பொதுவாக வாரண்ட் தேவையில்லை. பத்திரிகை உலகின் கண்டனத்துக்குப் பிறகே, நிருபரின் பதிவுகளைப் புரட்டி அவருக்குத் தகவல் தந்தவரைத் தேடும்போது மட்டும் விசேஷ வாரண்ட் வேண்டும் என்ற ஷரத்து சேர்ந்தது. ஆயினும் அந்த வாரண்ட் கோரப்படுவது நிருபருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. உள்நாட்டு உளவு ஸ்தாபனமோ அதை நீதிபதியிடம் அல்ல, அட்டர்னி ஜெனரலாகிய மந்திரியிடமே பெறுகிறது. பொதுநலனை எடுத்துரைக்கப் பிரதம மந்திரி நியமிக்கும் சட்ட நிபுணர் ஒருவர் உண்டென்பது மெய்தான். நிருபரைக் கண்டு கலந்து பேசாமல் அவர் எதை எடுத்துரைப்பார்? வாரண்ட் பிறந்த செய்தியை வெளியிடுவதோ 2 ஆண்டுச் சிறைக்குரிய குற்றம்.

இந்த அற்பப் பாதுகாப்பும் 2017-ல் மீறப்பட்டது. போலீஸ் தகவல் கசிந்ததை விசாரித்த பெடரல் போலீஸ் அதிகாரி ஒருவர், வாரண்ட் பெறாமலேயே ஒரு நிருபரின் அழைப்புப் பதிவுகளை வாங்கிப் பார்த்துவிட்டார் என்று கமிஷனர் ஆண்ட்ரூ கால்வின் அவ்வாண்டு ஏப்ரலில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். பதிவுகள் அழிக்கப்பட்டன, பார்த்தவர் மனத்தில் பதிந்ததை யாரால் அழிக்க முடியும்?

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. சந்தேகத்துக்குரிய ஊழியரின் பதிவுகளையே அதிகாரிகள் நேராகக் கேட்டு வாங்கினால், அவற்றில் நிருபரின் எண் கண்ணுக்குமுன் நின்றாலும், விசேஷ வாரண்ட் தேவையில்லை. நிருபரைக் காப்பதன் நோக்கமே அவரை நம்பிப் பேசியவரைக் காப்பதாகையால், ஊழியரின் பதிவுகளுக்கும் இந்த ஷரத்தை விஸ்தரித்து, தீர்ப்புக்கு முன் பத்திரிகையின் வாதத்தைச் சுதந்திரமான நீதிபதி செவிமடுக்க வழிசெய்வது பாராளுமன்றத்தின் கடமை.