வாரந்தோறும் வந்த நோயாளி

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஜனத்தொகையோ சென்னை மாநகரத்தைவிடக் குறைவு. 2003இல் அங்கே ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அதற்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த ஸ்பெஷலிஸ்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். ஆல்புகர்க்கி நகரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு நோயாளி டாக்டரைப் பார்க்கச் சுமார் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். அன்றைய சிகிச்சை வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசியும் தினமும் ரிபாவிரின் மாத்திரையும். பலருக்கு இது ஓராண்டுவரை நீளும். ரத்தம் குறையும், மனம் சோர்ந்துபோகும். இடையில் கவனித்துப் பார்க்க ஆள் வேண்டும். கிராமத்துப் பொது மருத்துவர்கள் இதைத் தொடவே தயங்கினார்கள். புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன சஞ்சீவ் அரோரா அந்த மருத்துவமனையின் கல்லீரல் நிபுணர். நோயாளியை நகரத்துக்கு வரவழைப்பதற்குப் பதிலாக, நிபுணரின் அறிவைக் கிராமத்துக்கு அனுப்பிவைக்க முடியுமா என்று அவர் யோசித்ததில் பிறந்ததுதான் ‘எக்கோ’ திட்டம்.

இணையவழியில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி என்றதும் நம் மனத்தில் வருவது பதிவு செய்த சொற்பொழிவு, கடைசியில் பத்துக் கேள்வி, பிறகு ஒரு சான்றிதழ். எக்கோ அப்படி நடக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், பல ஊர் மருத்துவர்கள் ஒரே வீடியோ அழைப்பில் சேர்வார்கள். ஒருவர் தன் நோயாளியைப் பற்றிச் சொல்வார். பெயர் சொல்லக் கூடாது; வயது, ரத்தப் பரிசோதனை முடிவுகள், சாப்பிடும் மருந்துகள் மட்டும். ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போகிறது, ரிபாவிரினைக் குறைப்பதா, நிறுத்துவதா? அன்று அங்கே எழுந்தது இதுபோன்ற கேள்வி. கல்லீரல் நிபுணர், மனநல மருத்துவர், மருந்தியலாளர் எல்லோரும் பதில் சொல்வார்கள். மற்ற ஊர்க்காரர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்த மாதம் அதே சிக்கல் அவர்களிடமும் வரலாம். சில வாரம் கழித்து அதே நோயாளியின் கதை திரும்பவும் திரைக்கு வரும். சொன்ன யோசனை பலித்ததா என்பது எல்லோர் முன்னாலும் தெரிந்துவிடும். இந்தத் திரும்பி வருதல்தான் எக்கோவின் உயிர் என்பது என் கருத்து. விளைவை மறுபடி பார்க்காத படிப்பு மருத்துவத்தில் பாதிப் படிப்புத்தான்.

எக்கோ பலன் தருகிறது என்பது வெறும் நம்பிக்கை அல்ல. அரோரா குழுவினர் 407 நோயாளிகளை ஆராய்ந்து 2011இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம் பேருக்குத் தொற்று அறவே நீங்கியது. கிராமத்து மருத்துவ நிலையங்களிலும் சிறைச்சாலைகளிலும், எக்கோவில் பயின்றவர்களிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களில் அது 58.2 சதவீதம். கடுமையான பக்கவிளைவு நகரத்தில் 13.7 சதவீதம், கிராமங்களில் 6.9 சதவீதம். ஆய்வில் குறை இல்லாமல் இல்லை. யார் எங்கே போவது என்று குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. தாமாக முன்வந்த மருத்துவர்கள் இயல்பிலேயே அக்கறை மிகுந்தவர்களாக இருந்திருக்கலாம். ஆகவே கிராமத்து வைத்தியமே மேல் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கைவிடப்பட்டிருந்த இடங்களிலும் நிபுணர் மருத்துவமனைக்குக் குறையாத சிகிச்சை தர முடியும் என்பதற்கு இந்தச் சான்று போதும்.

திரையில் படித்தால் மனதில் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு 2008இல் ‘ஜாமா’ இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு பதில் சொல்கிறது. 201 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எந்தப் பயிற்சியும் இல்லாததோடு ஒப்பிட்டால் இணையப் பயிற்சியின் பலன் மிகப் பெரிது. வகுப்பறை போன்ற வழக்கமான முறைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மிகச் சிறிது. அப்படியானால் திரையா, வகுப்பறையா என்ற சண்டையே வீண். எப்படிக் கற்பிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கையால் செய்யும் வேலைக்கு இது போதாது என்ற மறுப்பு மட்டும் முழுக்க நியாயம். நின்றுபோன இதயத்தை இயக்க மார்பை ஐந்து சென்டிமீட்டர் ஆழமாவது அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை. அந்த ஐந்து சென்டிமீட்டர் எவ்வளவு என்பது உள்ளங்கைக்குத்தான் தெரியும். நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் 1960இல் செய்த பயிற்சிப் பொம்மைக்கு இன்றும் வேலை இருப்பது அதனால்தான். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, கிராமப்புற மருத்துவர்களுக்கான குடும்ப மருத்துவத் தொலைநிலைப் படிப்பில் பாடப் புத்தகம், வீடியோ வகுப்பு ஆகியவற்றோடு நேரடிப் பயிற்சி முகாமையும் வைத்திருக்கிறது. சரியான வழி அது.

இன்னொரு மறுப்பு, நேரமில்லை என்பது. காலையில் வெளியே வரிசை நிற்க, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் எப்போது படிப்பார்? வேலை முடிந்து வீட்டுக்குப் போய் வீடியோ பார் என்று சொல்வது பயிற்சி ஆகாது; அது கூடுதல் சுமை. பயிற்சியைப் பணி நேரத்துக்குள் வைக்க வேண்டும், அந்த நேரத்துக்கு மாற்று ஆள் கொடுக்க வேண்டும். செயலி வாங்கவும் காணொளி எடுக்கவும் பணம் ஒதுக்கும் அதிகாரிகள் இதற்கும் ஒதுக்கட்டும். எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்று எண்ணுவதை விட்டு, எத்தனை நோயாளிகள் தங்கள் ஊரிலேயே குணமானார்கள் என்று எண்ணட்டும். ஆல்புகர்க்கியில் அப்படித்தான் கணக்குப் பார்த்தார்கள். கிராமத்து மருத்துவர்கள் வைத்தியத்தைக் கையில் எடுத்தபின், எட்டு மாதமாக இருந்த காத்திருப்பு இரண்டு வாரமாகக் குறைந்தது.