மலையடியில் மனையடி

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்திலுள்ள கல்லாற்றில் புதுவீடு கட்ட முனைகிற குடும்பத்தார், கூடம் எவ்வளவு பெரிது, படுக்கையறை எத்தனை என்ற விசாரத்தோடுதான் பெரும்பாலும் காகிதத்தில் முதற்கோட்டை இழுக்கிறார்கள். ஆயினும் நிலத்தின் சரிவு, சூரியனின் சஞ்சாரம், மழைக்காற்றின் திசை ஆகிய மூன்றையும் அறிந்த பிறகே அக்கேள்விகளுக்குச் சரியான விடை கிடைக்கும்.

சரிவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஐந்தடிக்கு ஓரடி வீதம் இறங்கும் மனையில், 45 அடி நீளமும் 20 அடி அகலமுமாக 900 சதுரஅடி வீடு ஒன்று அமைவதாகக் கொண்டால், நீளப்பக்கம் சரிவுக்குக் குறுக்கே, அதாவது சமஉயரக் கோட்டை ஒட்டிப் படுத்திருக்கும்போது, வீட்டின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நிலமட்ட வித்தியாசம் 4 அடிதான். அதே வீட்டைத் திருப்பி, நீளவாக்கில் சரிவோடு இறங்கும்படி வைத்தால் அது 9 அடியாகிவிடும். மேற்பாதியில் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பாதியில் நிரப்பித் தளம் சமைக்க, முதல் முறையில் சுமார் 450 கனஅடி வெட்டினால் போதும். இரண்டாவதில் ஆயிரத்துக்கும் மேல் வேண்டும். செலவு ஒருபுறமிருக்க, ஆழமாக வெட்டப்பட்ட மலைச்சரிவு கனமழையில் நீரை உறிஞ்சிப் பாரமேறி நழுவக்கூடிய அபாயமும் அதில் உண்டு.

1917-இல் பர்மிங்ஹாமில் பிறந்து, திருவனந்தபுரத்தையே தம் ஊராக்கிக்கொண்டு 2007-இல் அங்கேயே மறைந்த கட்டடக்கலை நிபுணர் லாரி பேக்கர், இந்த உண்மையைச் சாதாரண ஜனங்களுக்கும் விளங்கும்படி தம் சிறுநூல்களில் படம்போட்டு விளக்கினார். நாலாஞ்சிறையில் செங்குத்தான பாறைச்சரிவொன்றிலேயே தமக்கும் வீடு கட்டிக்கொண்டார். சுவரின் நீளத்தையும் அவர் கணக்கிடச் சொன்னார்: மேற்சொன்ன வீட்டின் புறச்சுவர் 130 அடி, அதே 900 சதுரஅடியைச் சதுரமாக வளைத்தால் 120, வட்டமாக வளைத்தால் சுமார் 106 அடி போதும். ஆனால் சுவரைச் சுருக்குவதற்காகச் சதுரமாக்கினால் ஆழம் 20 அடியிலிருந்து 30 ஆகி, சரிவில் மண்வேலை ஒன்றரை மடங்காகிவிடும்.

இனிச் சூரியன். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்குள் இருக்கும் கல்லாற்றில், டிசம்பர் மாதத்து நடுப்பகலிலும் அது சுமார் 58 பாகை உயரத்தில் நிற்கிறது. ஆகையால் தென்சுவருக்கு இரண்டரை அடி இறவாரம் இருந்தால் அப்போது நாலடி உயரத்துக்கு நிழல் விழும். தாழ்வாக வரும் மாலைவெயிலோ எந்த இறவாரத்துக்கும் அடங்காது. மேற்குச்சுவரை நேரே தாக்கி, அச்சுவர் உறிஞ்சிய உஷ்ணத்தை இரவில் படுக்கையறைக்குள் விடுகிறது.

காற்றின் விஷயம் வேறு. ஈரம் மிகுந்த இந்தப் பிரதேசத்தில் உடல் குளிர்வது வியர்வை உலர்வதால். வியர்வை உலர்வது காற்று நகர்வதால். ஒரே சுவரில் எத்தனை ஜன்னல் வைத்தாலும் எதிரே வழியில்லாத அறையில் காற்றோட்டம் மந்தமாகவே இருக்கும். ஒற்றை வரிசையாக அறைகள் அமையும் 20 அடி வீட்டில், ஒவ்வோர் அறைக்கும் இருபுறத்திலும் திறப்பு வைப்பது எளிது. கேரளத்து நாலுகட்டு வீடுகளில் அடுக்களை வடகிழக்கை ஒட்டி அமைந்ததில் ஓர் அனுகூலம் உண்டு: தென்மேற்குப் பருவக்காற்று அடுப்புப்புகையை வீட்டுக்குள் தள்ளாமல் வெளியே கொண்டுபோகும்.

நீரையும் மறந்துவிடலாகாது. கழிவுநீர்க்குழி கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்கு அப்பால் இருக்கவேண்டுமென்பது கேரளத்து விதி. சரிவு நிலத்தில் அது கிணற்றுக்குக் கீழ்ப்புறத்திலும் இருக்கவேண்டும். குளியலறை எந்த மூலைக்குப் போகவேண்டும் என்பதை இதுவே பெரும்பாலும் நிச்சயித்துவிடுகிறது.

இந்த நியாயங்கள் ஒன்றோடொன்று முரண்படும்போதுதான் யோசனைக்கு வேலை. மனை மேற்குநோக்கிச் சரிந்தால், சரிவை மதித்துப் படுக்கும் நீளச்சுவர் மாலைவெயிலுக்கு முழுவதும் இலக்காகிறது. எதை விட்டுக்கொடுப்பது? வெட்டிய மண்ணைத் திரும்ப ஒட்ட வழியில்லை. வெயிலுக்கோ தாழ்வாரமும் மரமும் உண்டு. ஆகவே சரிவின் கட்டளைப்படி வீட்டைப் படுக்கவைத்து, மேற்கே தாழ்வாரம், மாடிப்படி, சாமான் அறை, குளியலறை ஆகியவற்றைக் கவசமாக நிறுத்தி, குடும்பத்தார் உறங்கும் அறைகளைக் கிழக்கே ஒதுக்குவதே விவேகம்.