பொள்ளாச்சிக்கு 30 பைட்

2010 ஜூன் 23. கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய அன்றே, யுனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழுக்கான குறியேற்றத் தரங்களாக ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது. அதற்கு முன் 1999-இல் அரசு ஏற்றவை டாம், டாப் என்ற இரண்டு. அவற்றில் ஓர் உருவுக்கு ஒரு பைட். ஊர்ப் பெயருக்கு 20 பைட் ஒதுக்கினால் அது தாராளம்.

சிக்கல் அந்த 20-இல்தான். உறுப்பினர் பட்டியலையும் கூலிக் கணக்கையும் யுனிகோடுக்கு மாற்றுகிறவர்கள் எழுத்தை மாற்றுவார்கள், இடத்தின் அளவை அப்படியே விட்டுவிடுவார்கள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். 'கோவை'யில் க, ஓகாரக் குறி, வ, ஐகாரக் குறி என நான்கு. ஆக 12 பைட். மீதி 8 இடத்தைச் சுழியங்கள், அதாவது மதிப்பு 0 ஆன பைட்டுகள், நிரப்பும். அவை திரையில் தெரியாது. ஆனால் 'கோவை' என்று முழுப் பெயரும் பொருந்தத் தேடினால் அந்தப் பதிவு அகப்படாது. 'பொள்ளாச்சி'க்கோ 30 பைட். 'பொள்ளா' 18-ஐ எடுத்துக்கொள்ள, கடைசி 2 பைட்டில் 'ச'வின் முறிந்த துண்டு ஒட்டிக்கொண்டு, கருப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறியாக நிற்கும்.

சுழியங்களை மட்டும் பொறுக்கி எறிந்தால் போதாதா? போதாது. 'உடுமலை' என்றிருந்த இடத்தில் பழையதைத் துடைக்காமல் 'கோவை' என்று எழுதி, ஒரு சுழியத்தால் முடித்திருந்தால், அதன் பின்னால் 'லை'யின் எச்சம் கிடக்கும். சுழியத்தை நீக்கினால் அந்த எச்சம் 'கோவை'யோடு ஒட்டிக்கொள்ளும். முதல் சுழியம் வந்த இடத்திலேயே வெட்டிவிட வேண்டும்.

இதைவிடக் கொடியது, எல்லோரும் கைமாற்றிக்கொள்ளும் ஒரு வழி: 32 முதல் 126 வரை மதிப்புள்ள பைட்டுகளைத் தவிர மற்றதையெல்லாம் நீக்கு. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழ்க் கோப்பில் ஓர் எழுத்துகூட மிஞ்சாது. கொஞ்சம் விவரமானவர்கள் கட்டுப்பாட்டுக் குறிகளை மட்டும், அதாவது 0–31, 127, 128–159 ஆகியவற்றை நீக்குவார்கள். அதையும் பைட்டுகளிலேயே செய்தால் பாழ்தான். 'க' என்பது 224, 174, 149. அந்த 149 நீக்கும் பட்டியலுக்குள் வருகிறது. ஓகாரக் குறியின் கடைசி பைட் 139, ஐகாரக் குறியுடையது 136, அவையும் போய்விடும். 'கோவை'யில் 'வ' மட்டும் தப்பும். ஆகவே முதலில் பைட்டுகளை எழுத்துகளாகப் படியுங்கள். களையெடுப்பது அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறிப்போய் ஊர்ப் பெயர்கள் சிதைவதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. மூலக் கோப்பை அழித்துவிட்டால் அந்தப் பெயர்களை மீட்க வழியே கிடையாது.

கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் இருக்கக்கூடும். அது யுடிஎஃப்-8 என்பதற்கான அடையாளம். முதல் வரியில் உள்ள பெயர் மட்டும் தேடலில் சிக்கவில்லையென்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தாராளமாக நீக்கலாம்.

எழுத்தாகப் படித்த பின்னும் ஓர் இடத்தில் கை நிதானிக்க வேண்டும். யுனிகோடில் 8203, 8204 இரண்டும் அடுத்தடுத்த எண்கள், இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை. 8203 அகலமில்லாத இடைவெளி. ஊர்ப் பெயருக்குள் அதற்கு வேலையில்லை. 8204 அப்படியல்ல. 'ரிக்‌ஷா' என்று எழுதும்போது 'க்'கும் 'ஷா'வும் கூட்டெழுத்தாகச் சேர்ந்துவிடாமல் பிரித்து வைப்பது அதுதான். எடுத்துவிட்டால் 'ரிக்ஷா' ஆகிவிடும். முன்னால் 'க்', பின்னால் 'ஷ' இருக்கும் இடத்தில் 8204-ஐத் தொடாதீர்கள்.