ஆறு விலகிப் போன ஊர்

ஜேர்மனியில் இருக்கிற எங்கட ஆட்களுக்கு ஓகஸ்ட் மாதம் என்றால் கேவலார் மாதா. சைவக்காரர், வேதக்காரர் என்ற வித்தியாசமில்லாமல் ஆயிரக்கணக்கில் கூடுவோம். மடுவுக்குப் போக முடியாதவர்களுக்கு இது மடு. அங்கே இருக்கிற மாதா படம் ஒரு அஞ்சலட்டை அளவுகூட வராது. அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வெளியே நின்று பத்து வருஷமாகக் காணாத ஆட்களோடு கதைத்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளிச்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வருவோம். நானும் இருபது வருஷத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன்.

போகும் வழியில் ஒவ்வொரு முறையும் இன்னொரு ஊரின் பலகை வரும். க்ஸான்டன். ஜேர்மனியில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும் ஒரே ஊர் அதுதான் என்பார்கள். என் மனைவி அதைச் 'சாந்தன்' என்றுதான் சொல்வாள். கேவலாரில் இருந்து இருபது கிலோமீற்றர்கூட வராது. ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பினதில்லை. "அங்க என்ன இருக்கு, பழைய கல்லுதானே" என்பதுதான் எங்கள் வீட்டுத் தீர்மானம்.

போன வருஷம் திரும்பினோம். மகளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள், அவ்வளவுதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைப் பத்து வயதில் விட்டதற்கு நானும் ஒரு காரணம், அந்த நாட்களில் எனக்கு இரண்டு வேலை. செத்துப்போன பாஷையை வாசிக்கிற பிள்ளை அப்பாவின் பாஷையைத் தடவித் தடவி வாசிக்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு புகைச்சல் உண்டு. அவள்தான் கேட்டாள்: "அப்பா, ஒவ்வொரு வருஷமும் உங்கட இடத்துக்கு நான் வாறன். ஒருக்கா என்ர இடத்துக்கு வாங்கோ."

க்ஸான்டனில் ரோமர் காலத்து நகரம் ஒன்று இருந்தது. கொலோனியா உல்பியா திரயானா என்று பெயர். கி.பி. 100ஆம் ஆண்டளவில் திராயன் என்ற பேரரசன் இந்த இடத்துக்குக் கொலோனியா என்ற நகர அந்தஸ்தைக் கொடுத்துத் தன் பெயரையும் வைத்தான். அவனே ரோமில் பிறந்தவன் இல்லை, ஸ்பெயினில் பிறந்தவன். 73 ஹெக்டேயர் நிலம், எங்கட கணக்கில் கிட்டத்தட்ட 2,900 பரப்பு. பத்தாயிரம் பேரளவில் வாழ்ந்திருக்கலாம் என்கிறார்கள். வட ஜேர்மனியில் பெரிய ஊர்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னாலேயே இங்கே குளிப்பதற்குச் சுடுநீர் மண்டபமும் கழிவுநீர் போகக் கால்வாயும் இருந்தன.

இவ்வளவும் படித்துக்கொண்டு உள்ளே போனால், முதலில் கண்ணில் படுவது புல்வெளிதான். மனைவி சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கோ காசு குடுத்து வந்தனாங்கள்?" என்றாள். நியாயமான கேள்வி. அரங்கம் ஒன்றை ஓரளவு திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். மதிலில் ஒரு துண்டு, ஒரு வாசல், ஒரு சத்திரம். மிச்சம் முழுக்கப் புல். புல்லுக்கு நடுவே நேர்கோட்டில் மரங்கள்.

அந்த மரங்களைத்தான் நான் முதலில் விளங்கிக்கொள்ளவில்லை. மகள் சொன்னாள், ரோமர் காலத்துத் தெருக்கள் எங்கே ஓடினவோ அங்கேதான் இந்த மரங்களை நட்டிருக்கிறார்களாம். மதில் நின்ற வரியைக் காட்ட வேலிச்செடி. வீடு நின்ற இடத்தில் வீட்டைக் கட்டவில்லை. கண்டுபிடிக்காத ஒன்றைக் கண்டுபிடித்த மாதிரிக் காட்டவும் இல்லை. தெருவில் மட்டும் நடந்து போகலாம்.

துறைமுகப் பக்கம் ஒரு கோயில். தூண்கள் ஒரு மூலையில் மட்டும் உயரமாக நிற்கின்றன, முழுக் கோயிலும் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று நாங்களே கணக்குப் போடவேண்டியதுதான். கீழே இறங்கினால் பழைய அத்திவாரத்தைப் பார்க்கலாம். "மூலவர் ஆர்?" என்று மனைவி கேட்டாள். எந்தத் தெய்வத்துக்குக் கட்டினார்கள் என்பது ஆராய்ச்சியாளர்களுக்கே தெரியாது என்று மகள் சொல்ல, "அப்ப பொதுவாக் கும்பிடுவம்" என்று கைகூப்பினாள். பக்கத்தில் நின்ற டொச் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பகிடிக்கோ மரியாதைக்கோ தெரியவில்லை.

துறைமுகம் என்றால் ஆறு எங்கே? அதுதான் எனக்கு வந்த அடுத்த சந்தேகம். ரைன் நதியின் ஒரு கிளை இந்த மதிலோரம் ஓடியிருக்கிறது. மெல்ல மெல்ல மண் நிரம்பித் தூர்ந்துவிட்டது. இன்றைக்கு ரைன் ஓடுவது தள்ளி. படகு கட்டிய இடத்தில் இப்போது புல் வெட்டுகிறார்கள். (யாழ்ப்பாணத்தானுக்கு ஆற்றைப் பற்றிக் கதைக்க உரிமையில்லை. எங்களிடம் இருக்கிறது வழுக்கை ஆறு, அதுவும் மழைக்குத்தான் ஓடும்.) ஆனால் அந்த நாளில் எல்லாம் ஆற்றால்தான் வந்தது. க்ஸான்டனுக்கு எதிர்க்கரையில், கொஞ்சம் மேலே, லிப்ப என்ற சிற்றாறு ரைனோடு சேர்கிறது. அந்த லிப்ப வழியே கிழக்கே போனால் ஒபராடன் என்ற இடத்தில் கி.மு. 11ஆம் ஆண்டு ரோமர் ஒரு படைமுகாம் போட்டிருந்தார்கள். அங்கே மண்ணுக்குள் கண்டெடுத்தவற்றில் மிளகும் உண்டு. மிளகு என்றால் எங்கட பக்கத்துச் சாமான், சேரநாட்டு மலையில் விளைந்து மேற்குக் கரையில் கப்பலேறியது. அதே லிப்பக் கரையில் இன்னும் கொஞ்சம் மேலே போனால் ஹம் நகரம், காமாட்சி அம்பாள் கோயில். ஜேர்மனியில் தேர் பார்க்கப் போகிற எல்லாருக்கும் தெரிந்த இடம். மிளகு எங்களுக்கு இரண்டாயிரம் வருஷம் முந்தி வந்து சேர்ந்திருக்கிறது, விசா இல்லாமல்.

சரி, இவ்வளவு பெரிய நகரத்தின் கல்லெல்லாம் எங்கே? கீழ் ரைன் பகுதியில் கல் கிடையாது, மணலும் களியும்தான். ரோமர் தெற்கே இருந்து படகில் கொண்டுவந்து இறக்கினார்கள். மூன்றாம் நூற்றாண்டில் பிராங்கியர் தாக்கி அழித்தார்கள். பிறகு சின்னக் கோட்டையாகச் சுருங்கி, கடைசியில் ஆட்கள் போய்விட்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது இனாமாகக் கிடைத்த கல்லுக்கிடங்கு. தோண்டித் தோண்டி எடுத்து வேறு கட்டடங்கள் கட்டினார்கள். புதிய ஊரை அந்த இடத்தில் கட்டவில்லை, பக்கத்தில் ரோமர் காலத்துச் சுடலையைச் சுற்றிக் கட்டினார்கள். அங்கே புனித விக்டர் என்ற வேதசாட்சி புதைக்கப்பட்டார் என்பது நம்பிக்கை. 'புனிதர்களிடம்' என்ற லத்தீன் சொல்தான் மருவி க்ஸான்டன் ஆனது. அந்தப் புனிதர் பெயரில் நிற்கிற தேவாலயமும் 1945இல் குண்டுவீச்சில் இடிந்து, திருப்பிக் கட்டினதுதான். ஊர் பக்கத்தில் வந்ததால் பழைய நகரத்தின் அத்திவாரங்கள் மண்ணுக்குள் தப்பின. 1977இல் பூங்காவாகத் திறந்தார்கள். 2021இல் ரோமர் எல்லைக்கோட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது.

நான் ஒரு வாங்கில் இருந்தேன். மனம் மயிலிட்டிக்குப் போய்விட்டது.

1990 ஜூனில் நாங்கள் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்ட ஊர். 2017இல் ஒரு பகுதியை விட்டார்கள். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தேன். வீடு இல்லை. இடிந்த வீடு என்றால் சுவராவது நிற்கும், இங்கே கல்லையும் காணோம். ஓடு, நிலை, யன்னல் ஒன்றும் இல்லை. ஒழுங்கை எது, வளவு எது என்று தெரியாத பற்றைக்காடு. கிணற்றுக்கட்டை வைத்துத்தான் எங்கட வளவைக் கண்டுபிடித்தேன். கிணற்றடியில் இருந்து அடி எண்ணிக் குசினி இருந்த இடத்துக்கு நடந்தேன். காலில் அத்திவாரம் தட்டுப்பட்டது. ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டேன். கனடாவில் இருக்கிற தம்பி உடனே எழுதினான்: "டோசர் விட்டுத் துப்பரவாக்குவம். மாடி வீடு கட்டி வாடகைக்கு விடலாம்." நானும் 'சரி' என்று கட்டைவிரல் போட்டேன். காசு சேர்க்கத் தொடங்கி இன்னும் முடியவில்லை, அதனால்தான் அத்திவாரம் இன்னும் இருக்கிறது.

மகளிடம் எங்கட ஊரைப் பற்றி நான் சொன்னதெல்லாம் வெளிக்கிட்ட நாளின் கதைதான். ஒழுங்கை எந்தப் பக்கம் திரும்பும், மீன் ஏலம் எங்கே போடும், ஆரின் வீட்டுக்குப் பக்கத்தில் ஆரின் வீடு என்று சொன்னதில்லை. எனக்கு அது தெரியும், தம்பிக்குப் பாதி தெரியும், அம்மாவுக்கு முழுக்கத் தெரியும், அவவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இங்கே ரோமன் ஒருவனும் உயிரோடு இல்லாமல், மண்ணைக் கிளறிக் கிளறித் தெருவைக் கண்டுபிடித்து மரம் நட்டிருக்கிறார்கள். நடுவே ஓடிய பெருந்தெருவையே திசை மாற்றியிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரு தெரிந்த ஆட்கள் போன் எடுத்தால் கதைப்பார்கள்.

அருங்காட்சியகத்தில் மகள் ஒரு கல்லைப் பற்றிச் சொன்னாள். லத்தீன் வகுப்பில் படித்ததாம். க்ஸான்டனுக்குப் பக்கத்தில் கிடைத்தது, அசல் இப்போது பொன் நகரத்து அருங்காட்சியகத்தில். மார்க்குஸ் கேலியுஸ் என்ற படைத் தலைவனின் நினைவுக்கல். கி.பி. 9இல் ஜேர்மானியக் காட்டில் மூன்று ரோமப் படையணிகள் அழிந்தன. இவன் பதினெட்டாவது படையணி. அந்த எண்ணை ரோமர் அதற்குப் பிறகு வேறு எந்தப் படையணிக்கும் கொடுக்கவில்லை. போனில் படத்தை எடுத்து வரிவரியாக எனக்குச் சொன்னாள். தகப்பன் பெயர், ஊர் பொலோஞ்ஞா, வயது ஐம்பத்து மூன்றரை, வருஸ் நடத்திய போரில் விழுந்தான், எலும்புகளை இங்கே கொண்டுவந்து வைக்கலாம், கல்லை நட்டது தம்பி பூப்லியுஸ்.

"உடம்பு கிடைக்கேல்லையோ?"

"இல்லை அப்பா. கிடைச்சால் வைக்கலாம் எண்டு எழுதியிருக்கினம் எண்டு ரீச்சர் சொன்னவ."

எனக்கு ஒரு அண்ணா. 1996இல் வீட்டு வாசலில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று. மகளுக்கு அவரை ஒரு படமாகத்தான் தெரியும். அந்தப் படத்துக்கு மாலை போட அம்மா விடமாட்டா. திவசம் இல்லை, பிறந்தநாளுக்கு மட்டும் பொங்கல் பொங்கி ஒரு கிண்ணத்தில் வைப்பா. ஊரில் அம்மாமார் வருஷக்கணக்காகத் தெருவில் படத்தோடு இருக்கிறார்கள், இவவுக்கு முழங்கால் ஏலாது, வீட்டில் இருக்கிறா. கல்லு நடுகிறதென்றால் செத்துப்போனதாக ஒப்புக்கொள்கிறது என்று நானும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. பூப்லியுஸ் ஒப்புக்கொண்டான். ஆனாலும் எலும்புக்கு இடம் விட்டு வைத்தான்.

காரில் திரும்பி வரும்போது தம்பிக்குப் போன் போட்டேன். டோசர் இப்போதைக்கு வேண்டாம், மாடி வீடு கட்டுகிறதென்றால் வளவின் மற்றப் பக்கத்தில் கட்டுவோம், அத்திவாரம் இருக்கட்டும் என்றேன். "அதை வைச்சு என்ன செய்யப்போறாய்?" என்றான். மரம் நடலாம் என்றேன். அவன் நான் கேவலாரில் குடித்துவிட்டேன் என்று நினைத்தான். அம்மாவிடம் ஒழுங்கைகளைக் கேட்டு ஒரு கடதாசியில் கீறச் சொன்னேன். அதற்கு மட்டும் சரி என்றான், ஓணான் மடிக்குள் விழுந்த மாதிரி ஒரு குரலில்.

பின் சீற்றில் இருந்து மகள் கேட்டாள்: "பெரியப்பான்ர பேர் தமிழில எப்பிடி எழுதுறது?"

என் நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில், சிவப்பு விளக்கில் நின்றபோது, எழுதிக் கொடுத்தேன். கீழே அப்பாவின் பெயர். கீழே மயிலிட்டி. அவள் எழுத்துக் கூட்டி மூன்றையும் வாசித்தாள், ஊர்ப் பெயரில் மட்டும் தடுக்கியது. பிறகு பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, "வயசு?" என்றாள்.

"எப்பத்தையான் வயசு?" என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போனபோது இருபத்தாறு. இருந்தால் இப்போது ஐம்பது தாண்டியிருக்கும்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு அந்த இடத்தை எழுதாமல் விட்டாள்.