குதிரையும் பயமும் நானும்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்ன சார், இந்த வயசில் குதிரை ஏறுகிறீர்களாமே?" பாதிப் பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். மீதிப் பேர் அடக்கவும் இல்லை. பத்திரிகைக் குழுவில் இருக்கும் நண்பர் மட்டும், "அதையே எழுதிக் கொடுங்களேன், நாலு பக்கம் நிரம்பும்" என்றார். ஆகவே இந்தக் கட்டுரை. புனேயில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன், வீர தீரப் பிரதாபம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் சீமையில் குதிரை என்றால் ஐயனார் கோவில் குதிரைதான். குளமங்கலத்தில் மாசி மகத்துக்கு அந்தப் பெரிய குதிரைச் சிலைக்குக் கழுத்து நிறையக் காகித மாலை சாத்துவார்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது எனக்குப் பயம் இருந்ததில்லை. சிலைக் குதிரை உதைக்காது, கடிக்காது. உயிருள்ள குதிரையைக் கிட்டத்தில் பார்த்தது ஏழு வயசில், ரயிலடி ஜட்கா ஸ்டாண்டில். என்ன கோபமோ, சட்டையோடு சேர்த்து என் தோளைக் கவ்விவிட்டது. ரத்தம் கூட வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் நாற்பது வருஷம் எந்தக் குதிரையைப் பார்த்தாலும் என் வலது தோள் தானாக ஒடுங்கிக்கொள்ளும்.

இப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பெண், 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸை டி.வி.யில் பார்த்துவிட்டு, குதிரையேற்றம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்ஸா அந்த முறை இறுதிச் சுற்று வரை போய் இருபத்து மூன்றாவது இடம் பிடித்திருந்தார். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. நம் வீட்டுப் பெண் பாட்டு வகுப்புக்குப் போகும், பரதநாட்டியம் போகும். குதிரைக்கு எங்கே போவது? ஆனால் புனே குதிரைகளின் ஊர். ரேஸ் கோர்ஸ் இருக்கிறது, ராணுவம் இருக்கிறது, ஓய்வு பெற்ற குதிரைப்படைக்காரர்கள் இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் அப்படி ஒரு பெரியவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். எல்லாரும் அவரை 'உஸ்தாத்' என்கிறார்கள். சனி, ஞாயிறு காலையில் கூட்டிப் போனேன். அவள் உள்ளே, நான் வேலிக்கு வெளியே.

எட்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. 2022 ஜூலையில் ஒரு மழைக் காலை. லாயத்துக் கூரையில் போட்டிருந்த நீலத் தார்ப்பாய் ஒரு முனை அவிழ்ந்து காற்றில் படபடவென்று அடித்தது. 'ராணி' என்கிற அந்தச் சாதுவான பெண் குதிரை பக்கவாட்டில் ஒரே துள்ளல். என் பெண் தரையில் கிடந்தாள். தலையில் ஹெல்மெட் இருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. காறை எலும்பில் விரிசல். ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டி மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் அவள் ஹெல்மெட்டை அவளே பரணில் ஏற்றி வைத்துவிட்டாள். "வேண்டாம்ப்பா" என்றாள், அவ்வளவுதான். நம் பழமொழியில் வருமே, குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்று, அந்தக் குழியை நான் அப்புறம்தான் பார்த்தேன். சைக்கிளைத் தொடமாட்டேன் என்றாள். இங்கே கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை குதிரையில் வருவார் அல்லவா, பாண்டு வாத்தியச் சத்தம் கேட்டாலே தெருவின் மறு பக்கத்துக்கு ஓடினாள். கல்யாண சீசன் வந்தால் டியூஷனுக்குப் போகிற வழியையே மாற்றிக்கொண்டாள்.

இதைப் படிக்கிற சிலருக்கு வியன்னாப் பையனின் கதை ஞாபகம் வரலாம். 1909ல் சிக்மண்ட் ஃப்ராய்ட் எழுதியது. ஐந்து வயசுப் பையன், குதிரை கடித்துவிடும் என்று பயந்து வீதிக்கு வரவே மறுத்தான். பாரம் இழுத்துப் போன ஒரு வண்டிக் குதிரை நடுத்தெருவில் விழுந்து கால்களை உதைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறான். அந்தக் காலத்து வியன்னாவில் குதிரை இல்லாத தெரு ஏது! ஃப்ராய்ட் அதற்குக் கொடுத்த விளக்கம் வேறு தினுசு. அதை நம் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது, எனக்கும் அதில் நம்பிக்கை போதாது. ஆனால் அந்தப் பையன் பெரியவனாகி ஹெர்பர்ட் கிராஃப் என்ற பெயரில் நியூயார்க்கின் புகழ் பெற்ற ஆப்பரா அரங்கில் நாடகங்களை இயக்கினார். என் பெண் தெருவைத் தாண்டி ஓடியபோது இதை நினைத்துத்தான் கொஞ்சம் தைரியப்படுத்திக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி, "என்னங்க, விட்டுத் தொலைங்க. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தக் குதிரை? விழுந்தது முகத்துல பட்டிருந்தா?" என்றாள். வெளியில் சமாதானம் சொன்னேனே தவிர, உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளூர நிம்மதிதான். இனி அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் பாருங்கள்.

பாக்கிப் பணத்தைக் கட்டிவிட்டு வரலாம் என்று போனேன். உஸ்தாத் பணத்தை வாங்கவில்லை. டீ வரவழைத்தார். பிறகு இந்தியில் சொன்னார்: "சாப், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் பெண் குதிரை ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் ஒரு தடவை திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பாள். நீங்கள் வேலியை எப்படிப் பிடித்திருப்பீர்கள் தெரியுமா?" என்று, தன் இரண்டு கையாலும் மேசை விளிம்பை விரல் வெளுக்கப் பிடித்துக் காட்டினார். "உங்களிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து குதிரைக்கு."

எனக்குக் கோபம் வந்தது. தார்ப்பாயைக் கட்டாமல் விட்டது யார், பழி யார் மேல்? பதில் பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் படித்துப் பார்த்ததில், அவர் சொன்னதில் பின் பாதியை ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஸ்வீடனில் லிண்டா கீலிங் என்ற பேராசிரியையும் சகாக்களும் 2009ல் வெளியிட்டது. மனிதருக்கும் குதிரைக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவியை மாட்டி, ஒரு பாதையில் குதிரையை நடத்திப் போகவும், ஏறிப் போகவும் சொன்னார்கள். நான்காவது தடவை போகும்போது, "இப்போது உங்கள் பக்கத்தில் ஒரு குடையைப் படாரென்று விரிக்கப் போகிறோம்" என்றார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனால் மனிதரின் துடிப்பு ஏறியது. குடையைப் பற்றி ஒன்றுமே அறியாத குதிரையின் துடிப்பும் சேர்ந்து ஏறியது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போய் நின்றேன். "உஸ்தாத், முதலில் எனக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் எடையை மட்டும் கேட்டார். (சொன்னேன். கொஞ்சம் பெரிய குதிரையாகக் கொண்டு வரச் சொன்னார்.)

முதல் மூன்று வாரம் ஏறவே விடவில்லை. குதிரையைத் தேய்த்துவிடு, குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய், கொள்ளு வை, இவ்வளவுதான். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும். தெரியாத இடம் இரண்டுதான்: நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால். அந்த இரண்டு இடத்திலிருந்தும் போகக் கூடாது. தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போக வேண்டும். காதைப் பார். முன்னால் நிமிர்ந்திருந்தால் எதையோ கவனிக்கிறது. பின்னால் படுத்து ஒட்டிக்கொண்டால் கோபம், விலகிவிடு. தலையைத் தாழ்த்தி வாயைச் சப்புக் கொட்டினால் நிம்மதியாக இருக்கிறது. வெல்லக்கட்டியை விரலில் பிடித்து நீட்டாதே, உள்ளங்கையை விரித்துக் கொடு. ரயிலடி ஜட்காக் குதிரை என்னை ஏன் கவ்விற்று என்று நாற்பது வருஷம் கழித்து ஒரு யோசனை தோன்றியது. ஏழு வயசுப் பையன் கண்டிப்பாகப் பின்பக்கமிருந்துதான் ஓடி வந்திருப்பான்.

நான் இதுவரை குதிரையை வீர மிருகம் என்றே எண்ணியிருந்தேன். தேசிங்குராஜன் கதை கேட்டு வளர்ந்தவன் வேறெப்படி எண்ணுவான்? உண்மையில் அது புல் தின்று, புலிக்கும் ஓநாய்க்கும் பயந்து, ஓட்டத்தையே நம்பிப் பிழைத்த ஜாதி. சந்தேகம் வந்தால் முதலில் ஓடும், யோசிப்பதெல்லாம் அப்புறம். அலெக்ஸாந்தரின் பியூசிஃபலஸ் குதிரை யாருக்கும் அடங்காமல் துள்ளியதே, அது தன் நிழலைக் கண்டு மிரண்டதுதான் காரணம் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். சிறுவன் அலெக்ஸாந்தர் அதைச் சூரியனைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினானாம், நிழல் பின்னால் போய்விட்டது. அதாவது நானும் என் பெண்ணும் ராணியும், மூவருமே பயந்த பிராணிகள்.

நாலாவது வாரம் ஏறினேன். இடது பக்கமிருந்துதான் ஏற வேண்டும். போர்வீரர்கள் இடுப்பில் இடப்பக்கம் வாள் தொங்கிய காலத்துப் பழக்கம் என்கிறார்கள். மேலே உட்கார்ந்ததும் பூமி எங்கேயோ போய்விட்டது. மூச்சு நின்றுவிட்டது. உஸ்தாத் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்க, குதிரை என்னைச் சுமந்து வட்டமாக நடந்தது. லகானை என் கையில் தரவே இல்லை. "பாட்டுப் பாடுங்கள் சாப்!" என்று கத்தினார். கேலி என்று நினைத்தேன். இல்லையாம். பயந்தவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். மூச்சைப் பிடித்தால் உடம்பு விறைக்கும், தொடை இறுகும், குதிரைக்கு 'எங்கேயோ ஆபத்து' என்று செய்தி போய்விடும். பாடுகிறவனால் மூச்சைப் பிடிக்க முடியாது. எம்.ஜி.ஆர். குதிரையில் வந்து பாடுகிற பழைய பாட்டு ஒன்றை நடுங்குகிற குரலில் எடுத்துவிட்டேன். பாட்டு முடிவதற்குள் தோள் தானாக இறங்கிவிட்டது.

இதற்குள் என் பெண்ணுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பேண்ட்டெல்லாம் குதிரை மயிரோடு வீட்டுக்கு வந்தால் தெரியாதா? "அப்பா, நீங்களா!" என்று சிரித்தாள். அடுத்த வாரம், அப்பா விழுவதைப் பார்க்க வேண்டும் என்று வந்தாள். இப்போது அவள் வேலிக்கு வெளியே, நான் உள்ளே. துல்கி நடையில் குதிரை குலுக்க ஆரம்பித்ததும் நான் சாக்கு மூட்டை மாதிரி தொப் தொப்பென்று குதித்தேன். "குதிகாலைத் தாழ்த்துங்கப்பா! கீழே பார்க்காதீங்க, முன்னால பாருங்க! எழுந்து உட்காருங்க, ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு!" என்று அவள் கத்தினாள். அன்று முடிந்ததும், யாரும் சொல்லாமல், ராணியைக் கட்டியிருந்த இடத்துக்குப் பத்தடி தூரம் வரை போய் நின்றாள். அதற்கு மேல் போகவில்லை. நாங்களும் போகச் சொல்லவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். விழுந்தவனை அந்த நிமிஷமே மறுபடி ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயம் தங்கிவிடும் என்று பல பேர் வேதவாக்குப் போலச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. எலும்பு உடைந்திருக்கிறதா, தலையில் அடியா என்று தெரியாமல் எப்படி ஏற்றுவது? முதலில் டாக்டர். பயத்துக்கு அவசரம் வேண்டாம். 1924லேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் முயலுக்குப் பயந்த ஒரு குழந்தையிடம் இதைச் செய்து காட்டியிருக்கிறார். பிள்ளை பிடித்ததைச் சாப்பிடும் நேரத்தில் முயல் கூண்டை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டு வந்து, கடைசியில் குழந்தை முயலைத் தொட்டு விளையாடியது. உஸ்தாத் இதையெல்லாம் படித்தவர் அல்ல. ஆனால் அவர் செய்ததும் அதேதான்.

பத்தடி எட்டடியாயிற்று, ஐந்தாயிற்று. ஒரு மாதம் அவள் ராணியைத் தேய்த்து மட்டும் விட்டாள். பிறகு கயிற்றைப் பிடித்து நடத்தினாள். நவம்பரில் ஒரு நாள் உஸ்தாத் அந்த நீலத் தார்ப்பாயையே கொண்டு வந்து தரையில் விரித்து, மேலே கொள்ளைக் கொட்டினார். ராணி நாலு கால் பின்வாங்கி, மூக்கால் சீறி, கழுத்தை நீட்டி முகர்ந்து, மறுபடி பின்வாங்கி... முக்கால் மணி நேரம். கடைசியில் முன்னங்கால் ஒன்றைத் தார்ப்பாய் மேல் வைத்துத் தின்றது. என் பெண் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பா, அது என்னைத் தள்ளலப்பா. அதுக்கும் பயம்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்று மத்தியானம் பரணிலிருந்து ஹெல்மெட் இறங்கியது. அதை வாங்கிப் பார்த்துவிட்டு உஸ்தாத், ஒரு தடவை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது, உள்ளே விண்டிருந்தாலும் வெளியே தெரியாது என்று சொல்லிவிட்டார். புதிதாக ஒன்று வாங்கினோம். பிள்ளைகளை அனுப்ப நினைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கவடியில் பாதம் நழுவி மாட்டிக்கொள்ளாதபடி சின்னக் குதி வைத்த ஷூவும் அவசியம்.

அடுத்த வருஷம், 2023 செப்டம்பரில், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரெஸ்ஸாஜ் குழு தங்கம் வாங்கியது. குதிரையேற்றத்தில் 1982 டில்லிக்குப் பிறகு, நாற்பத்தோரு வருஷம் கழித்து! நால்வரில் இருவர் பெண்கள், சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங். டி.வி. முன்னால் எங்கள் வீட்டில் போட்ட கூச்சலுக்குக் கீழ்வீட்டு ஜோஷி மாமி மேலே ஏறி வந்துவிட்டார்.

பயம் போய்விட்டதா என்று கேட்கிறார்கள். எனக்குப் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அங்கவடியில் கால் வைக்கும்போது வயிற்றில் ஒரு பிசைவு இருக்கத்தான் செய்கிறது. பாடிக்கொண்டே ஏறிவிடுகிறேன். நடை, துல்கி, அதோடு சரி. கேன்டருக்கு நான் வரவில்லை என்று உஸ்தாதிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் பெண் பலத்த காற்றடித்தால் இன்னமும் இறங்கிவிடுகிறாள். கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, காற்று நின்றதும் ஏறுகிறாள்.

என் மனைவி ஒன்றரை வருஷம் மைதானத்தின் பக்கம் வரவே இல்லை. போன மார்கழியில் ஒரு நாள் தானாகவே காரில் ஏறி உட்கார்ந்தாள். கையில் ஒரு டப்பா. வேலியோரம் வந்த ராணிக்கு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உள்ளங்கையை விரித்து நீட்டினாள். கடையில் வாங்கின வெல்லம் இல்லை, ஊரிலிருந்து அவள் அண்ணன் அனுப்பிய மண்டை வெல்லம். ராணி அதை நக்கி முடித்த பிறகும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நாக்கு எவ்வளவு சூடா இருக்குங்க" என்றாள்.

ஏறச் சொன்னால் மட்டும் அடிக்க வருகிறாள். வெல்லம் வாரா வாரம் போகிறது.