நிஜாமின் ரோல்ஸ், இத்தாலியின் பட்டிஸ்டா

லாலாகுடா எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில் வேலை பார்ப்பவரிடம் இரண்டு என்ஜின்களைக் காட்டி எது உசத்தி என்று கேட்டுப் பாருங்கள். டாப் ஸ்பீடு எவ்வளவு என்பது அவருக்கு அப்புறம்தான். "லோடோட கிளம்பும்போது எப்படி இழுக்குது?" என்பார். நூறு வருஷ இடைவெளியில் பிறந்த இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிடவும் அந்தக் கேள்விதான் சரி.

முதல் கார், ஹைதராபாத்தின் சௌமஹல்லா அரண்மனையில் நிற்கும் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் ஆர்டர் கொடுத்த இங்கிலாந்துக் கார். 1911-ல் அவர் இறந்துவிட, வண்டி மகன் உஸ்மான் அலி கானுக்கு வந்தது. பின் இருக்கை சிம்மாசனம் மாதிரி உயர்ந்திருக்கும். இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்பதா என்று முறைக்கலாம். ஆனால் இதே சில்வர் கோஸ்ட் வகையில் ஒரு கார் 1911-ல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு டாப் கியரிலேயே ஓடியது. புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 125 கிலோமீட்டரையும் தாண்டியது.

இரண்டாவது, மஹிந்திரா குழுமத்தின் ஆட்டோமொபிலி பினின்ஃபரீனா இத்தாலியில் கட்டும் பட்டிஸ்டா. முழு மின்சாரக் கார். மொத்தமே 150 வண்டிகள் என்று அறிவித்தார்கள். 2023 பிப்ரவரியில் ஹுசைன் சாகர் ஏரி ஓரம் ஃபார்முலா ஈ மின்சாரக் கார் பந்தயம் நடந்தபோது இதுவும் ஹைதராபாத்துக்கு வந்தது.

குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் ஒப்பீடே கேலிக்கூத்து: கோஸ்ட்டுக்கு ஐம்பது சொச்சம், பட்டிஸ்டாவுக்கு 1,900. இழுவைக்கு வாருங்கள். சாதாரண பெட்ரோல் என்ஜின் குறைந்த சுற்றில் சோனி. அதனால்தான் முதல் கியர், இரண்டாம் கியர் என்று மாற்றி மாற்றி அதை உசுப்ப வேண்டியிருக்கிறது. கோஸ்ட்டின் ஆறு சிலிண்டர்களும் சேர்ந்து கிட்டத்தட்ட ஏழரை லிட்டர். மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும் என்பதால் கியருக்கு அதிகம் கை போகாது. மின் மோட்டாருக்கோ நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை உண்டு. லாலாகுடாவின் WAP-7 ரயில் என்ஜின் இருபத்துநான்கு பெட்டிகளோடு கியர் மாற்றாமல் புறப்படுவதும் இப்படித்தான். அதில் அச்சுக்கு ஒரு மோட்டார். பட்டிஸ்டாவில் சக்கரத்துக்கு ஒன்று, மொத்தம் நான்கு. பூஜ்ஜியத்திலிருந்து நூறைத் தொட அதற்கு இரண்டு வினாடிகூட வேண்டாம்.

சத்தம் குறைவு என்பதிலும் இரண்டும் உறவுதான். கோஸ்ட் என்ற பெயரே அதனால் வந்தது.

பிரேக்கில் உறவு முறிகிறது. நிஜாமின் காருக்கு முன் சக்கரங்களில் பிரேக்கே கிடையாது. அந்த வகைக்கு அது வந்தது 1924 வாக்கில். ஸ்டார்ட் செய்ய முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பட்டிஸ்டாவின் நான்கு சக்கரங்களிலும் கார்பன் செராமிக் டிஸ்க். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு விசை என்பதைக் கணினி நொடிக்கு நொடி பிரித்துக் கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் 1,900 குதிரைகளும் டயரைத்தான் தேய்க்கும்.

என் ஓட்டு கோஸ்ட்டுக்கு. பட்டிஸ்டாவின் மோட்டாரும் பேட்டரியும் குரோஷியாவின் ரீமாட்ஸ் நிறுவனத் தொழில்நுட்பம். ரோல்ஸின் என்ஜின் ஹென்றி ராய்ஸ் தானே வடிவமைத்தது. கோஸ்ட்டைப் பார்க்கப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். சௌமஹல்லாவுக்கு அன்று விடுமுறை.